எண்பதில் கூவும் கார்: டயரா, பேரிங்கா?

கேள்வி: அண்ணே, என்னுடையது 2013இல் பதிவான ஹோண்டா ஜாஸ். சிஓஇயை (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) 2023இல் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தேன். புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து சாங்கிப் பக்கம் தினமும் வேலைக்கு ஓட்டுகிறேன். மூன்று மாதமாக வேகம் 60ஐத் தாண்டினால் ‘ஊ...’ என்று ஒரு சத்தம். 80இல் வானொலியையும் மீறிக் கேட்கிறது. ஒரு பட்டறையில் டயர்தான் காரணம் என்றார்கள். முன்னால் இரண்டையும் புதிதாகப் போட்டேன், சத்தம் போகவில்லை. இன்னொரு பட்டறையில் முன் வீல் பேரிங் இரண்டையும் மாற்ற வேண்டும், 680 வெள்ளி ஆகும் என்கிறார்கள். வலப்பக்கம் வளையும்போது சத்தம் கூடுகிறது, இடப்பக்கம் வளைந்தால் அடங்குகிறது. அடுத்த மாதம் ஈப்போவில் அக்கா மகள் திருமணம், காரில்தான் போகிறோம். ஜோகூரில் செய்தால் மலிவு என்கிறார் கணவர். மறுபடியும் பணத்தை விட எனக்கு மனமில்லை. என்ன செய்யட்டும்?
— வாசகி, புக்கிட் பாஞ்சாங், சிங்கப்பூர்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது ஒரு வரி. வலப்பக்கம் வளைந்தால் கூடுகிறது, இடப்பக்கம் வளைந்தால் அடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் “சத்தம் வருது” என்பதோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் காது கொடுத்துக் கேட்டிருக்கிறீர்கள். அதை வைத்தே பாதி வேலையை முடித்துவிடலாம்.

கார் வலப்பக்கம் வளையும்போது அதன் பாரம் இடப்பக்கம் சாய்கிறது. இடப்பக்கச் சக்கரங்களின் பேரிங், அதாவது சக்கரம் உராயாமல் சுழல உதவும் குண்டு வளையம், கூடுதல் சுமையைத் தாங்குகிறது. பழுதான பேரிங் சுமை ஏறினால் கத்தும், இறங்கினால் அடங்கும். அதனால் சந்தேகம் முதலில் இடப்பக்கத்தின் மேல் விழுகிறது. வலது பேரிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதற்கு உங்கள் கடிதத்தில் எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் இந்த விதி நூற்றுக்கு நூறு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பேரிங்குக்குள் குண்டுகள் இரண்டு வரிசையாக இருக்கும். எந்த வரிசை கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துச் சில சமயம் நேர்மாறாகவும் கேட்கும். அதனால் வளைவு ஒரு துப்பு மட்டும்தான். காரைத் தூக்கிப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

டயரை மாற்றச் சொன்னவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. டயர் சத்தமும் பேரிங் சத்தமும் அவ்வளவு நெருக்கமானவை. ஆனால் டயருக்குப் பணம் வாங்குவதற்கு முன் ஒரு நிமிடம் அதைத் தடவிப் பார்த்திருக்கலாம். இதை நீங்களே பின் டயர்களில் செய்து பாருங்கள். இன்ஜினை அணைத்து, கைப்பிரேக் போட்டுவிட்டு, டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வைத்து முன்னோக்கி ஒரு முறை, பின்னோக்கி ஒரு முறை மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போய், மறுபக்கம் வரும்போது ரம்பப் பல் போலக் கையைப் பிடித்தால் டயர் சீராகத் தேயவில்லை என்று அர்த்தம். அப்படித் தேய்ந்த டயர் பேரிங் போலவே கூவும். ஒரு வித்தியாசம் உண்டு. டயர் சத்தம் சாலையைப் பார்த்து மாறும். புதிதாகத் தார் போட்ட பகுதியில் ஒரு மாதிரியும் பழைய சொரசொரப்பான பகுதியில் வேறு மாதிரியும் கேட்கும். பேரிங் எந்தச் சாலையிலும் ஒரே குரலில்தான் பாடும். உங்கள் பின் டயர்கள் பழையவை என்பதால் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தீவு விரைவுச்சாலையில் 80இல் போகும்போது, பின்னால் வண்டி நெருக்கமாக இல்லாத நேரத்தில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கேளுங்கள். இன்ஜின் சத்தம் இறங்கும். அப்போதும் ‘ஊ...’ சத்தம் அப்படியே இருந்து, கார் வேகம் குறையக் குறைய அதுவும் சேர்ந்து இறங்கினால் அது சக்கரத்தோடு போகிற சத்தம். காலை எடுத்தவுடன் நின்றுவிட்டாலோ, குரல் மாறினாலோ கியர்பாக்ஸ் பக்கமும் பார்க்க வேண்டும். ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பிக் கார் நிறுத்துமிடத்தில் மெதுவாக நகரும்போது ‘டக் டக்’ என்று வந்தால் அது வேறு, டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டு. நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

60க்குக் கீழே ஏன் கேட்பதில்லை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். உங்கள் காரின் டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 1.9 மீட்டர் போகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 முறை சுற்றுகிறது. பேரிங்கின் வெளிவளையத்தில் கடுகளவு உலோகம் பெயர்ந்து குழியாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குண்டும் அந்தக் குழியில் இறங்கி ஏறும்போது ஒரு தட்டு. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நான்கைந்து தட்டு விழும், விநாடிக்கு ஐம்பது, அறுபது. தனித்தனியாகக் கேட்க முடியாத வேகம் அது. எல்லாம் சேர்ந்து ஒரே முனகலாகிவிடுகிறது. மெதுவாகப் போகும்போதும் அந்தத் தட்டு இருக்கத்தான் செய்கிறது. சுருதி தாழ்ந்து, தெருச் சத்தத்தில் அமுங்கிப்போகிறது.

கடுகளவு குழி எப்படி வந்தது? நான் கழற்றிப் பார்த்ததில் இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும். ஒன்று, சக்கரம் நடைபாதை விளிம்பில் பலமாக மோதியது. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், விளிம்பில் இடிப்பதும் பெரும்பாலும் இடது சக்கரம்தான். மோதும்போது குண்டுகள் வளையத்தில் நுண்ணிய பள்ளங்களைப் பதித்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, பல மாதம் கழித்துத்தான் பேசத் தொடங்கும். இரண்டாவது, தண்ணீர். பேரிங்கின் இரு பக்கமும் ரப்பர் சீல் உண்டு. வயதான சீல் வழியே மழைநீர் கசிந்து கிரீஸைக் கெடுக்கும். போன வருடம் ஒரு பேரிங்கைப் பிரித்தபோது உள்ளே இருந்த கிரீஸ் தே தாரிக் நிறத்தில் நுரைத்துக் கிடந்தது. துடைத்துப் பார்த்தால் கண்ணாடி போல் மின்ன வேண்டிய உள்வளையம் சாம்பல் நிறத்தில், புழு அரித்த மரப்பலகை போல் இருந்தது. நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு குழியிலும் நகம் நின்று நின்று போனது. இரண்டு மாதம் சத்தத்தோடு ஓட்டியிருக்கிறார் அதன் சொந்தக்காரர்.

சரி, பட்டறையில் எப்படிக் கண்டுபிடிக்க வேண்டும்? லிஃப்டில் காரைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் மிகவும் மோசமான நிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். (இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால் அது ஸ்டீரிங் கம்பியின் முனையாக இருக்கலாம்.) ஆட்டம் இல்லை என்பதற்காகப் பேரிங் நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இக்காலப் பேரிங்குகள் பல மாதம் கத்திவிட்டுத்தான் ஆடத் தொடங்குகின்றன. பத்து வயதைத் தாண்டிய கார் என்பதால் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகிறீர்கள். அதில் தேறியதை வைத்தும் பேரிங் நன்றாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். 80இல் வருகிற முனகல் பரிசோதனை நிலையத்துக்குள் கேட்காது.

நான் நம்புவது விரல் நுனியை. சக்கரத்தைத் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, மறு கையின் விரல்களைச் சஸ்பென்ஷனின் சுருள் ஸ்பிரிங்கின் மேல் லேசாக வைக்க வேண்டும். நல்ல பேரிங் என்றால் விரலுக்கு ஒன்றுமே தெரியாது. கெட்டது என்றால் மணல் கலந்த அரிசி மாவை விரலில் தேய்ப்பது போல் ஒரு நறநறப்பு ஸ்பிரிங் வழியாக ஏறி வரும். காது ஏமாறும் இடத்திலும் விரல் ஏமாறாது. நான்கு சக்கரங்களையும் இப்படிப் பார்க்க வேண்டும், நான்கையும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பல வருடத்துக்கு முன் ஒரு டாக்சி ஓட்டுநரின் காரில் நானே தவறு செய்திருக்கிறேன். அவர் முன் இடது சக்கரம் என்றார். ஓட்டிப் பார்த்தபோது எனக்கும் அங்கிருந்துதான் கேட்டது. மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலை அதே சத்தத்தோடு வந்து நின்றார். அன்றைக்கு வண்டி ஓடாவிட்டாலும் வாடகை கட்ட வேண்டியவர் அவர். தூக்கிப் பார்த்தால் பின் இடது சக்கரத்தின் ஸ்பிரிங் விரலடியில் நறநறத்தது. பின்னால் பிறந்த சத்தம் தரைத்தகடு வழியாக ஓடி வந்து, ஓட்டுகிறவரின் காலடியில் ஒலித்திருக்கிறது. முன் பேரிங்குக்கு அவரிடம் பணம் வாங்கவில்லை. ஆனால் அவர் இழந்த ஒரு நாளை என்னால் திருப்பித் தர முடியவில்லை. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்: 680 வெள்ளி கேட்டவர் உங்கள் பின் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தாரா என்று முதலில் கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் அந்த மதிப்பீட்டை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

எந்தச் சக்கரம் என்பதைப் பொறுத்து வேலையே மாறிவிடும். உங்கள் காரின் பின் பேரிங் ஹப்போடு (சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி) சேர்ந்த ஒரே பொருளாக வரும். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டும் வேலைதான், அழுத்தும் இயந்திரமான பிரஸ் தேவையில்லை. முன் பேரிங் அப்படி இல்லை. அது நக்கிளுக்குள் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) இறுக்கமாக அழுத்திப் பொருத்தியது. அச்சு நட்டைக் கழற்றி, பிரேக்கை இறக்கி, நக்கிளையே காரிலிருந்து எடுத்து, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து ஹப்பைத் தள்ளி, பூட்டு வளையத்தை எடுத்து, அப்புறம்தான் பேரிங் வெளியே வரும். ஹப்பைத் தள்ளும்போது பழைய பேரிங்கின் உள்வளையம் பெரும்பாலும் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதைத் தனியாக இழுத்தெடுக்க வேண்டும். கூலி கூடுவது இதனால்தான், அது நியாயமான கூலி.

புதியதை அழுத்தும் அந்த ஒரு நிமிடத்தில்தான் பேரிங்கின் ஆயுள் தீர்மானமாகிறது. நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். தவறான வளையத்தை அழுத்தினால் பல டன் அழுத்தம் குண்டுகள் வழியாகப் போகும். நடைபாதையில் மோதினால் விழுகிற அதே மாதிரிப் பள்ளத்தைப் பிரஸ்ஸே புதுப் பேரிங்கில் போட்டுவிடும். வெளியே பார்த்தால் பளபளப்பாக இருக்கும், சில மாதத்தில் மறுபடி ‘ஊ...’. சுத்தியலால் அடித்து ஏற்றுகிற இடமாக இருந்தால் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். எந்த நிறுவனத்தின் பேரிங் என்று விசாரிப்பதற்கு முன் எப்படி ஏற்றுவீர்கள் என்று விசாரியுங்கள். என்எஸ்கே, என்டிஎன், கோயோ, எஸ்கேஎஃப் போன்ற பெயர் பெற்ற எதுவாக இருந்தாலும் ஏற்றும் கை சரியாக இருந்தால் 2028 வரை உங்கள் காருக்குத் தாராளமாகப் போதும். ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்த சிஓஇயை மறுபடி நீட்டிக்க முடியாதல்லவா, அதற்கு மேல் இந்தக் காருக்கு வேண்டியதும் இல்லை. ஆனால் பெட்டியில் பெயரே இல்லாத மலிவுப் பொருள் வேண்டாம். பெயர் பெற்றவற்றிலும் போலி உண்டு. மூடிய பெட்டியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்.

இக்காலப் பேரிங்குகள் பலவற்றில் ஒரு பக்கத்து சீலில் காந்த வளையம் பதித்திருக்கும். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் சென்சர் அதை வைத்துத்தான் சக்கர வேகத்தை அறிகிறது. பேரிங்கைப் பக்கம் மாற்றி மாட்டிவிட்டால் சக்கரம் நன்றாகச் சுற்றும், சத்தமும் இருக்காது, ஆனால் ஏபிஎஸ் விளக்கு எரியும். நக்கிளைக் கழற்றும்போது துருப்பிடித்து ஒட்டிய சென்சர் உடைவதும் உண்டு. வேலை முடிந்து நீங்கள் ஓட்டிப் பார்க்கையில் அந்த விளக்கு எரிந்தால் “இரண்டு நாளில் அணைந்துவிடும்” என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

அச்சு நட்டைப் புதிதாகப் போட வேண்டும். பழையதை மறுபடி மாட்டக் கூடாது. அதை ஹோண்டா கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் ‘டர்ர்’ என்று அடித்து விடுவது இறுக்குவதாகாது. இந்தப் பேரிங்கை உள்ளிருந்து பிடித்து வைத்திருப்பதே அந்த நட்டின் இறுக்கம்தான். அதை இறுக்காமல் காரைத் தரையில் இறக்கி உருட்டினால்கூடப் புதுப் பேரிங் கெட்டுப்போகலாம். சக்கர நட்டுகளுக்கு உங்கள் காரில் 108 நியூட்டன் மீட்டர். நக்கிள் கழன்று மாட்டியதால் சக்கரங்களின் கோணத்தையும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதற்குச் செலவழிப்பது நீங்கள் புதிதாகப் போட்ட டயர்களைக் காப்பாற்றும்.

இரண்டு பக்கமும் மாற்ற வேண்டுமா? வேண்டாம். ஷாக் அப்சார்பரை ஜோடியாக மாற்றுவதற்குக் காரணம் உண்டு, பேரிங்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கெட்டதை மட்டும் மாற்றுங்கள். விலையைப் பொருள், கூலி, கோணம் சரிபார்த்தல் என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய பேரிங்கையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜோகூர் விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வதில் தவறில்லை. அங்கே நல்ல கைகாரர்கள் இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த ஆள், பிரஸ் வைத்திருக்கும் பட்டறை என்றால் போகலாம். ஆனால் ஏதாவது சரியில்லை என்றால் மறுபடியும் முக்கால் தொட்டி பெட்ரோல் நிரப்பி, உட்லண்ட்ஸ் வரிசையில் நின்று, ஒரு நாளைக் கொடுத்துத்தான் காட்ட முடியும். ஏற்கெனவே ஒரு முறை தவறான இடத்தில் பணத்தை விட்டிருக்கிறீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ ஈசூனிலோ, திரும்பப் போய்க் கேட்கக்கூடிய தூரத்தில் செய்துகொள்வேன். நீங்களாகவோ கணவரோ வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) மாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஜாக் வைத்துப் பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஆபத்தா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் ஈப்போவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். வெறும் முனகல் நிலையில் பட்டறைக்கும் வேலைக்கும் போய் வர இன்னும் சில நாள் கிடைக்கும். இப்போதுள்ள பேரிங்கோடு ஈப்போவுக்குப் போகக் கூடாது. ஒரு வழிக்கே 500 கிலோமீட்டருக்கு மேல், 110 வரை ஓடக்கூடிய நெடுஞ்சாலை, காரில் குடும்பம். பழுதான பேரிங் நீண்ட ஓட்டத்தில் சூடேறும். சூட்டில் கிரீஸ் போகும், கிரீஸ் போனால் உலோகம் உலோகத்தைத் தின்னும். அங்கிருந்து கெடுவது கிடுகிடுவென்று நடக்கும். முனகல் கடமுடவென்று மாறினாலோ, ஸ்டீரிங்கில் ஆட்டம் தெரிந்தாலோ, பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ அந்த நிமிடமே ஓட்டுவதை நிறுத்தி, காரை இழுத்துச் செல்லச் சொல்லுங்கள். சக்கரம் ஆடும்போது பிரேக் டிஸ்க்கும் சேர்ந்து ஆடி, பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். மிதி இறங்குவது அதனால்தான். அந்த நிலையில் சக்கரம் இறுகி நின்றுபோகலாம், கழன்றும் வரலாம்.

ஆகவே இந்த வாரமே ஒரு பட்டறையில் நேரம் வாங்குங்கள். பயணத்துக்கு இரண்டு வாரமாவது முன்னால் வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்த அன்று பட்டறையைச் சுற்றி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். நீங்கள் தினமும் போகும் அதே சாலையில், அதே 80இல், வானொலியை அணைத்துவிட்டு, அந்த வலப்பக்க வளைவில் கேளுங்கள். ஒன்றுமே கேட்கவில்லை என்றால் ஈப்போவுக்குப் பலகாரம் கட்டத் தொடங்கலாம். சத்தம் பாதியாகக் குறைந்து மீதி இருக்கிறது என்றால் பின் டயர்களைத் தடவிப் பார்த்தீர்களே, அங்கே என்ன தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.